தண்ணியில நின்ன கார்னு ஆர்.சி.யில ஏன் போட மாட்டேங்கிறாங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல தீபாவளிக்கு பழைய கார் வாங்குறவங்களுக்குன்னு ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. லோன் வட்டி, மைலேஜ், எந்த மாடலுக்கு ரீசேல் இருக்குன்னு எல்லாம் நல்லாதான் எழுதியிருந்தாங்க, ஆனா காரை நேர்ல எப்படி பார்க்கணும்னு ஒரு வரி கூட இல்ல, அதுவும் வெள்ளத்துல முங்கின கார் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அதைப் படிச்சதுல இருந்து மனசு கேக்கல, நான் பட்டதை எழுதிடணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமா போகும், மன்னிக்கணும். வெட்டுறதா இருந்தா என் கதையை வெட்டுங்க, கார் பார்க்குற விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க.

எங்க அப்பாவுக்கு கிட்னி பிரச்னை, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஊரு லால்குடி பக்கம், ஆஸ்பத்திரி திருச்சியில. டயாலிசிஸ் முடிஞ்சு தலை சுத்துற மனுசனை பஸ்ல ஏத்த முடியல, வாடகை காருக்கு கொடுத்தும் மாளல. அதனால 2024 மே மாசம் திருச்சியில ஒரு கடையில பழைய கார் ஒண்ணு எடுத்தேன். 2018 மாடல் பெட்ரோல் வண்டி, சிங்கிள் ஓனர், மீட்டர்ல 38,000 கிலோமீட்டர், விலை 4,10,000. டிஎன் 22 நம்பர், அதாவது மீனம்பாக்கம் ஆர்.டி.ஓ. சென்னை வண்டி எப்படி இங்க வந்துச்சுன்னு நான் கேட்டேன், ஓனர் குடும்பத்தோட வெளிநாடு போயிட்டாரு சார், அவசரத்துக்கு குடுத்துட்டாருன்னு சொன்னாங்க. பெயிண்ட் பளபளன்னு இருந்துச்சு, சீட் கவர் புதுசு, தரையில மேட் புதுசு, உள்ள ஏறினா நல்ல சென்ட் வாசம். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல போய் பார்த்தேன், கடையைச் சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டினேன், அட்வான்ஸ் குடுத்துட்டேன். புது சீட் கவரும் சென்ட் வாசமும் எதுக்குன்னு அன்னைக்கு நான் யோசிச்சிருக்கணும்.

மூணு மாசம் நல்லா ஓடுச்சு. ஆகஸ்ட்ல ஒரு நாள் ராத்திரி அப்பாவை பின் சீட்டுல படுக்க வச்சு ஊருக்கு கூட்டிட்டு போறேன், கொள்ளிடம் பாலம் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட்டும் தாண்டியாச்சு, திடீர்னு டேஷ்போர்டுல எல்லா லைட்டும் ஒண்ணா எரிஞ்சுது, ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு, இன்ஜின் நின்னுடுச்சு, ஹசார்டு லைட் கூட எரியல, பின்னாடி லாரி ஹாரன் அடிச்சுட்டே வருது. எப்படியோ ஓரத்துக்கு ஒதுக்கிட்டேன். அப்பாவை கீழ இறக்கி ஒரு டீக்கடை பெஞ்சுல உக்கார வச்சப்போ அவருக்கு கை நடுங்கிட்டு இருந்துச்சு. அந்த கையை இன்னும் என்னால மறக்க முடியல.

மறுநாள் வண்டியை கட்டி இழுத்துட்டு வந்து எங்க தெரு முனையில இருக்குற மெக்கானிக் அண்ணன்கிட்ட விட்டேன். அவரு பானெட்டை கூட திறக்கல. முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளிட்டு, சீட்டு நகர்ற தண்டவாளத்துக்கு அடியில விரலை விட்டு எடுத்து என்கிட்ட காட்டினாரு. விரல் நுனியில சாம்பல் கலர்ல பவுடர் மாதிரி மண்ணு. "தம்பி, நம்ம காவிரி மணலா இருந்தா கரகரன்னு இருக்கும், இது பாரு மாவு மாதிரி ஒட்டுது, இது வண்டிக்குள்ள தண்ணி நின்னு வடிஞ்ச சேறு"ன்னாரு. அப்புறம் டிரைவர் சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்தாரு, வழக்கமா நாம போடும்போது வெளிய வராத அந்த உள் பாகத்துல குறுக்க ஒரு பழுப்பு கறை. புது மேட்டுக்கு கீழ கார்பெட்டை தூக்கினா அடியில இருக்குற ஸ்பாஞ்ச் பூரா மக்கின வாசம். ஃபியூஸ் பாக்ஸ்ல, வயரிங் கனெக்டர்ல எல்லாம் பச்சை பூத்திருந்துச்சு.

அவரு சொன்னதுல எனக்கு புரிஞ்சது இதுதான். தண்ணியில முங்கின வண்டியை காய வச்சு, ஆயில் மாத்தி, செல்ஃப் மோட்டார் கழட்டி சுத்தம் பண்ணா ஸ்டார்ட் ஆயிடும், ஓடவும் செய்யும். ஆனா கனெக்டருக்குள்ள போன ஈரம் செம்பை மெதுவா அரிச்சுக்கிட்டே இருக்கும், மூணு மாசமோ ஆறு மாசமோ கழிச்சு ஒரு நாள் கரண்ட் பாயாது, அன்னைக்கு நீங்க எங்க போயிட்டு இருக்கீங்களோ அங்கயே நிக்கும். இதை விட பயமா இருந்தது ஏர்பேக் விஷயம். ஏர்பேக்கை வெடிக்க வைக்கிற கம்ப்யூட்டர் டப்பா பெரும்பாலான கார்ல கியர் லீவருக்கு கீழ, தரையோட ஒட்டி தான் இருக்குமாம், உள்ள முழங்கால் அளவு கூட வேண்டாம், ஒரு அடி தண்ணி நின்னாலே அது முங்கிடும். என் வண்டியில அது கெட்டுப் போயிருந்துச்சு, ஆனா டேஷ்போர்டுல ஏர்பேக் லைட் எரியாம இருக்குறதுக்கு அந்த லைட்டையே வேற லைட்டோட சேர்த்து வயர் போட்டு வச்சிருந்தாங்க. மூணு மாசமா எங்க அப்பா, என் பொண்டாட்டி, எங்க ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பாப்பா எல்லாரும் ஏர்பேக் வேலை செய்யாத வண்டியில தான் போய் வந்திருக்கோம். காசு போனது கூட பரவாயில்ல, இதை செஞ்சவங்களை என்னால மன்னிக்க முடியல.

கடைக்கு போய் கேட்டேன். "சார், இருக்குற கண்டிஷன்ல தான் குடுத்தோம், டெலிவரி நோட்டுல கையெழுத்து போட்டிருக்கீங்க பாருங்க"ன்னாங்க. அப்புறம் ஆர்.சி.யில, அதாவது வண்டியோட பதிவுச் சான்றுல இருந்த பழைய ஓனர் அட்ரஸுக்கு ஒரு லெட்டர் போட்டேன், வெளிநாடு போனவருக்கு எங்க கிடைக்கப் போகுதுன்னு தான் நினைச்சேன். ஒரு வாரத்துல போன் வந்துச்சு. மனுசன் அதே வீட்டுல தான் இருக்காரு, எங்கயும் போகல. "சார், அந்த வண்டி மிக்ஜாம் புயல்ல எங்க அப்பார்ட்மெண்ட் கீழ ரெண்டு நாள் தண்ணிக்குள்ள நின்னுச்சு, இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டு பணம் குடுத்து எடுத்துட்டு போயிட்டாங்க, அது இன்னுமா ரோட்டுல ஓடுது?"ன்னு அவரு அதிர்ச்சி ஆயிட்டாரு.

மிக்ஜாம் வந்த 2023 டிசம்பர் 4 நம்ம யாருக்கும் மறந்திருக்காது. பள்ளிக்கரணையில கார்கள் ஒண்ணு மேல ஒண்ணு இடிச்சுக்கிட்டு வெள்ளத்துல மிதந்து போன வீடியோவை எல்லாரும் தான் பார்த்தோம். அதே மாசம் 17, 18 தேதியில தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. அதுக்கு முன்னாடி 2015 டிசம்பர்ல அடையாறு கரை பூரா. 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல், புதுச்சேரி, விழுப்புரம் பக்கம். அப்போ எல்லாம் வீடியோவை பார்த்து ஐயோ பாவம்னு சொல்லிட்டு விட்டுட்டோம், அந்த கார் எல்லாம் அப்புறம் எங்க போச்சுன்னு நாம யாரும் கேக்கல.

எங்க போகுதுன்னு இப்போ எனக்கு தெரியும். ரிப்பேர் செலவு வண்டியோட ஐ.டி.வி.யில, அதாவது பாலிசியில வண்டிக்கு போட்டிருக்குற மதிப்புல 75 சதவீதத்தை தாண்டினா இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ்னு முடிவு பண்ணி ஓனருக்கு பணத்தை குடுத்துடும். அதுல தப்பு இல்ல, அந்த ஓனர் மேலயும் தப்பு இல்ல. அந்த வண்டி ஏலத்துக்கு போகும், ஏலத்துல எடுக்குறவங்க பல வண்டியை ஆர்.சி.யோடவே எடுக்குறாங்க. பார்ட்ஸா பிரிச்சு வித்தா பரவாயில்ல. கழுவி, காய வச்சு, பெயிண்ட் அடிச்சு, தண்ணி வராத ஊரா பார்த்து திருச்சி, சேலம், ஈரோடுன்னு கொண்டு வந்து முழு வெலைக்கு விக்கும்போது, அந்த ஆர்.சி.யில எங்கயும் இது டோட்டல் லாஸ் ஆன வண்டின்னு ஒரு எழுத்து கூட இருக்காது. அரசோட பரிவாகன் சைட்ல நம்பர் போட்டு பார்த்தேன், ரிஜிஸ்ட்ரேஷன் தேதி, எத்தனாவது ஓனர், லோன் இருக்கா, இன்சூரன்ஸ் எப்போ முடியுது எல்லாம் வருது, வண்டி தண்ணிக்குள்ள ரெண்டு நாள் கிடந்தது மட்டும் வரல. அமெரிக்காவுல பல மாநிலங்கள்ல வெள்ளத்துல போன வண்டிக்கு ஓனர்ஷிப் பேப்பர்லயே அதை குறிச்சு விட்டுடுவாங்க, வாங்குறவன் தெரிஞ்சு வாங்குவான், வெலையும் அதுக்கு ஏத்த மாதிரி குறையும். இங்க லோன் இருந்தா ஹைப்போதிகேஷன்னு ஆர்.சி.யில போட தெரியுது, பேங்க் காசுக்கு இருக்குற பாதுகாப்பு வண்டியில உக்கார்ற உயிருக்கு இல்லையான்னு தான் நான் கேக்குறேன். இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்ட அன்னைக்கே அந்த விவரம் வண்டி பதிவெல்லாம் இருக்குற அரசோட 'வாகன்' கம்ப்யூட்டருக்கு போகணும், ஆர்.சி.யில நிரந்தரமா நிக்கணும். ரோடு போக்குவரத்து அமைச்சகமும் இன்சூரன்ஸ் ஆணையமும் உக்காந்து பேசினா இது பெரிய வேலை இல்ல.

அது வர்ற வரைக்கும் நம்ம கண்ணும் கையும் தான். அதனால கார் எப்படி பார்க்கணும்னு அந்த மெக்கானிக் அண்ணன்கிட்ட கத்துக்கிட்டதை எழுதுறேன், அவருகூட இதுவரைக்கும் நாலஞ்சு சொந்தக்காரங்களுக்கு போய் பார்த்துட்டு வந்திருக்கேன்.

காலையில போங்க, வெயில் வெளிச்சத்துல, மழை இல்லாத நாள்ல. ஈரமா இருக்குற பெயிண்ட்ல எல்லா குறையும் மறைஞ்சிடும். வர்றேன்னு சொல்லும்போதே வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு சொல்லிடுங்க, போனதும் பானெட் மேல கையை வைங்க, சூடா இருந்தா வேற நேரம் வர்றேன்னு கிளம்பிடுங்க. ஆறின இன்ஜின் முதல் தடவை ஸ்டார்ட் ஆகும்போது தான் உண்மை வெளிய வரும். அப்போ பின்னாடி ஒரு ஆளை நிக்க வச்சு புகையை பார்க்க சொல்லுங்க. நீலமா வந்தா ஆயில் எரியுது, வெள்ளைப் புகை நிக்காம வந்துட்டே இருந்தா கூலண்ட் உள்ள போகுதுன்னு சந்தேகப்படணும். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே இன்ஜின் ஆயில் பார்க்குற டிப் ஸ்டிக்கை எடுத்து பாருங்க, ஆயில் கருப்பா இருந்தா பயம் இல்ல, பால் காபி கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, பேச்சே வேண்டாம், வந்துடுங்க.

தண்ணி விஷயத்துக்கு மூக்கை தான் முதல்ல நம்பணும். சென்ட் பாட்டிலை எடுத்து வெளிய வைக்க சொல்லி, கண்ணாடி எல்லாம் ஏத்தி ஒரு பத்து நிமிஷம் வெயில்ல விட்டுட்டு கதவை திறங்க, ஏ.சி.யை போட்டும் மோந்து பாருங்க, ஈரத்துணி வாசம் வந்தா கார்பெட்டை தூக்கணும். தூக்க விடலைன்னா அதுலயே பதில் இருக்கு. நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரைக்கும் இழுங்க, பெல்ட்டு மட்டும் புதுசா இருந்தாலும் ஏன்னு கேளுங்க. சீட்டுக்கு கீழ இருக்குற போல்ட்டு, பெடல் மேல இருக்குற கம்பி, இதெல்லாம் சாதாரணமா துரு பிடிக்காத இடம், அங்க துரு இருந்தா சந்தேகப்படுங்க. டிக்கியில ஸ்டெப்னியை வெளிய எடுத்துட்டு அந்த குழிக்குள்ள டார்ச் அடிங்க, கழுவினவங்க பெரும்பாலும் இந்த குழியை மறந்துடுவாங்க. ஹெட்லைட்டுக்குள்ள நீர் கோத்த மாதிரி கோடு இருக்கா, டேஷ்போர்டு சாவித்துளை, ஸ்பீக்கர் வலை, கதவு ஓரத்து ரப்பருக்கு பின்னாடி மண்ணு இருக்கா, எல்லாத்தையும் பாருங்க. சாவியை ஆன் பண்ணும்போது ஏர்பேக் லைட், பிரேக்குக்கான ஏ.பி.எஸ். லைட், இன்ஜின் லைட் எல்லாம் ஒரு தடவை எரிஞ்சு, ஏர்பேக், ஏ.பி.எஸ். லைட் சில செகண்டுலயும் இன்ஜின் லைட் வண்டி ஸ்டார்ட் ஆனதும் அதது தனியா அணையணும். எரியவே இல்லைன்னாலும் தப்பு, வேற லைட்டோட சேர்ந்தே எரிஞ்சு சேர்ந்தே அணைஞ்சாலும் மெக்கானிக்கை விட்டு ஸ்கேனர் போட்டு பாருங்க. ஸ்டியரிங்குக்கு கீழ ஒரு பாயிண்ட் இருக்கும், அதுல ஸ்கேனரை சொருகினா ஏர்பேக் டப்பா பேசுதா இல்லையான்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும். நான் அந்த அஞ்சு நிமிஷத்தை செலவு பண்ணல.

ஆக்சிடென்ட் வண்டியா பார்க்குறதுக்கு வேற கண்ணு வேணும். கதவு ரப்பர் பீடிங்கை லேசா இழுத்தீங்கன்னா கம்பெனி போட்ட வெல்டிங் புள்ளி வரிசையா வட்டமா தெரியும், டிங்கரிங் பண்ணின இடத்துல அது கோணலா இருக்கும் இல்லைன்னா பட்டின்னு சொல்ற பூச்சைப் பூசி மறைஞ்சிருக்கும். பானெட் போல்ட்டுல ஸ்பேனர் பட்டு பெயிண்ட் பேந்திருந்தா பானெட் ஒரு தடவையாவது கழண்டிருக்குன்னு அர்த்தம். ஒரு சின்ன காந்தத்தை துணியில சுத்தி தகரத்து மேல வச்சு நகர்த்துங்க, பட்டி கனமா இருக்குற இடத்துல பிடிக்காது, பம்பர் பிளாஸ்டிக், அதுல ஒட்டலைன்னு பயந்துடாதீங்க. கண்ணாடி ஒவ்வொண்ணுலயும் ஓரத்துல செஞ்ச வருஷத்துக்கு ஒரு குறி இருக்கும், ஒண்ணு மட்டும் மாறியிருந்தா அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கலாம். டயர்லயும் நாலு நம்பர் தேதி இருக்கு, 2319ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது. மீட்டரை நம்பவே நம்பாதீங்க, அதை திருப்புறது ரொம்ப சுலபம், 38,000 ஓடின வண்டியில பிரேக் பெடல் ரப்பர் தேஞ்சு வழுவழுன்னு இருக்கக் கூடாது. கம்பெனி சர்வீஸ் சென்டர்ல நம்பர் குடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க. என் வண்டிக்கு அப்புறம் போய் வாங்கிப் பார்த்தேன், 2023 நவம்பர்ல கடைசி சர்வீஸ், அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஒரு பேப்பரை பார்த்திருந்தா போதும்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியையும் கேட்டு வாங்குங்க, இது நிறைய பேருக்கு தெரியல. அதுல நோ கிளைம் போனஸ்னு ஒரு சதவீதம் இருக்கும், கிளைமே பண்ணாத ஓனருக்கு 20, 25, 35, 45, கடைசியா 50ன்னு வருஷா வருஷம் ஏறும். அஞ்சாறு வருஷ வண்டி, ஒரு கிளைம் கூட இல்லைன்னு சொல்றாங்க, பாலிசியில போனஸ் சைபர்னா சந்தேகப்படணும். எனக்கு குடுத்தது 2024 மார்ச்ல எடுத்த, மத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி, அதுக்கு முன்னாடி இருந்த ஃபுல் பாலிசி எங்கன்னு நான் கேக்கல.

எல்லாத்தையும் விட, ஆர்.சி.யில பேர் இருக்குற ஓனர்கிட்ட நேரா பேசாம அட்வான்ஸ் குடுக்காதீங்க. ஓனர் ஊர்ல இல்ல, போன் எடுக்க மாட்டாரு, பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. இதுல வித்தவங்களுக்கும் ஆபத்து இருக்கு. அந்த சென்னை ஓனர் பேர்ல வண்டி அஞ்சு மாசம் அவருக்கே தெரியாம இருந்திருக்கு, அதுக்குள்ள அது யார் மேலயாவது மோதியிருந்தா நஷ்ட ஈட்டுக்கு அவரு தான் கோர்ட்டுல நிக்கணும், ஆர்.சி.யில யார் பேரோ அவருதான் பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட் 2018-லயே சொல்லிடுச்சு. 2023 ஏப்ரல் 1-ல இருந்து பழைய வண்டி வியாபாரம் பண்றவங்க ஆர்.டி.ஓ.கிட்ட அங்கீகாரம் வாங்கணும், வண்டி கைக்கு வந்ததும் ஃபார்ம் 29சி-யில தெரியப்படுத்தணும்னு மத்திய அரசு விதியே போட்டிருக்கு. நீங்க போற கடையில அந்த அங்கீகார சான்றிதழை காட்ட சொல்லுங்க. எனக்கு வித்த கடையில அது இல்ல, இதை ஆர்.டி.ஓ.க்கள் ஊர் ஊரா போய் செக் பண்ணினாலே பாதி பேர் வழிக்கு வருவாங்க.

எனக்கு ரிப்பேருக்கு இதுவரைக்கும் 86,000 ஆயிடுச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போட்டிருக்கேன். நாம குடுத்த விலை அஞ்சு லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், நம்ம குடியிருக்குற மாவட்டத்துலயே போடலாம், அதனால பயந்துட்டு விட்டுடாதீங்க. அப்பா இன்னும் அந்த வண்டியில ஏற மாட்டேங்கிறாரு, வாடகை கார்ல தான் போய் வர்றோம்.

வடகிழக்கு பருவமழை இந்த மாசம் ஆரம்பிக்குது. இந்த வருஷம் எங்க தண்ணி நிக்கப் போகுதோ, அந்த வண்டிங்க அடுத்த சித்திரை வைகாசியில வேற ஊர் கடையில பளபளன்னு நிக்கும். அதுக்கு முன்னாடி இந்த லெட்டரை போட்டீங்கன்னா உதவியா இருக்கும், முடிஞ்சா உங்க நிருபர் ஒருத்தரை அனுப்பி ஏலத்துல போற வண்டிங்க எங்க போகுதுன்னு விசாரிச்சு எழுதுங்க. என்கிட்ட இருக்குற பேப்பர், போட்டோ எல்லாத்தையும் குடுக்குறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
உறையூர், திருச்சி.